இளநீர்க்காரர் முதல் நைட் டியூட்டி சிஸ்டர் வரை: நன்றி சொல்லப் போன அனுபவம்

2023 ஆடி மாதக் கடைசியில், நான்குவழிச் சாலையில் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் போய்க்கொண்டிருந்த அப்பாவை ஒரு கார் உரசிவிட்டுப் போனது. தொடை எலும்பு முறிவு, நெற்றியில் ஆழமான வெட்டு. அரசு மருத்துவமனை, அறுவை சிகிச்சை, வாக்கர், பிசியோதெரபி என்று வீடு பழைய நிலைக்கு வருவதற்குள் தை பிறந்துவிட்டது. சிகிச்சையைப் பற்றி எழுத மருத்துவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு எங்கள் தலையில் விழுந்த ஒரு வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். உதவி செய்தவர்களைத் தேடிப் போய் நன்றி சொல்வது. அது இவ்வளவு யோசிக்க வேண்டிய வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அம்மா மொய் நோட்டு எழுதிப் பழகியவர். தங்கை கல்யாண மொய் நோட்டில் கடைசிப் பக்கங்கள் காலியாக இருந்தன. அதில் வரிசையாகப் பெயர் எழுத ஆரம்பித்தார். தொகை போடும் இடத்தில் 'ரத்தம்', 'ரெண்டு நாள் சாப்பாடு', 'மாட்டைப் பார்த்துக்கிட்டது', 'ஆஸ்பத்திரிக்குத் தலகாணி' என்று குறித்துக்கொண்டே வந்தார். பெயர் எழுதும் இடத்தில்தான் சிக்கல். 'நைட்டு சிஸ்டர், மூக்குத்தி போட்டவங்க', 'ஸ்கேனுக்குத் தள்ளிக்கிட்டுப் போன தம்பி', 'பக்கத்துப் பெட் பையனோட மாமா' என்றெல்லாம் எழுத வேண்டியதாகிவிட்டது. அந்த நெருக்கடியில் யாரும் பெயர் கேட்டுக்கொண்டு நிற்க முடியாதுதான். ஆனால் கூட இருக்கிறவர்களில் பதற்றம் குறைவான ஒருவர் போனில் ஒரு குறிப்பைத் திறந்து பெயர், நம்பர், என்ன செய்தார் என்று தட்டிக்கொண்டே வந்தால் பின்னால் பெரிய உபகாரமாக இருக்கும். எங்கள் வீட்டில் அதைச் செய்தவள் தங்கை. போனில் கூட இல்லை, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில். அந்தத் தாள் இல்லாவிட்டால் அப்பாவைத் தூக்கிவிட்டவரை நாங்கள் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

அவர் சாலையோரத்தில் இளநீர் விற்பவர். அப்பாவின் போன் பூட்டியிருந்தது. அரை மயக்கத்தில் அப்பா சொன்ன வீட்டு நம்பருக்குத் தன் போனிலிருந்து அழைத்துத் தகவல் சொன்னவர் அவர்தான். அம்மாவுடையது பட்டன் போன். சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றி அழைத்ததில் அன்று ராத்திரிக்குள் அந்த நம்பர் பட்டியலிலிருந்தே தள்ளப்பட்டுப் போயிருந்தது. காலண்டர் தாளில் மட்டும் 'எளனி அண்ணன்' என்று இருந்தது.

அப்பாவை ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றிய மறுநாள் அவருக்குப் போன் செய்தேன். இன்னார் மகன் பேசுகிறேன், அன்றைக்கு ரோட்டில் விழுந்தாரே, அவருடைய பையன் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "கேஸு ஏதாவது ஆயிடுச்சுங்களா சார்?" என்றார்.

நன்றி சொல்லக் கூப்பிட்டவனிடம் ஒரு மனிதர் முதலில் கேட்டது இதைத்தான். அவர் தெருவில் போகிற யாரோ இல்லை. தன் துண்டை அவிழ்த்து அப்பா நெற்றியில் கட்டி, 108க்குப் போன் போட்டு, ஆம்புலன்ஸிலேயே கூட வந்து, என் மச்சான் வந்து சேரும்வரை காஷுவாலிட்டி வாசலில் உட்கார்ந்திருந்தவர். அந்த நாலைந்து நாளும் போலீஸ் தேடி வருமோ, இறந்துபோயிருந்தால் நம்மை இழுப்பார்களோ என்று தூக்கம் கெட்டிருக்கிறார். இந்த மாதிரி ஒருவரை அழைக்கப் போகிறீர்கள் என்றால், நீங்கள் யார் என்று சொல்வதற்கும் முன்னால் "நல்ல சேதிதான் அண்ணே, அவர் நல்லா இருக்கார், பிரச்சினை ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிடுங்கள். மீதி எல்லாம் அதற்குப் பிறகு.

அவருடைய பயத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது, ஆனால் அது அவரைப் போய்ச் சேரவில்லை. விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கிறவர் தன் பெயரையோ விலாசத்தையோ சொல்லியே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அவரிடம் பணம் கட்டச் சொல்லவும் கூடாது என்ற வழிகாட்டுதல்களுக்கு உச்ச நீதிமன்றம் 2016லேயே சட்ட பலம் கொடுத்துவிட்டது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்று ஒரு பிரிவையே இதற்காகச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது சிவில் வழக்கும் கிடையாது, கிரிமினல் வழக்கும் கிடையாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. ஆக, தூக்கி வந்தவர் தலையில் பில் விழும் என்ற பயமும் வேண்டியதில்லை. இதையெல்லாம் போனில் நான் விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, "சட்டம் இருக்கும் சார், ஸ்டேஷன்ல யார் இருப்பாங்கன்னு நமக்குத் தெரியுமா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நேரில் போவதைத் தள்ளிப் போட்டோம், வேண்டுமென்றேதான். நானும் மச்சானும் மட்டும் போய்ச் சால்வை போட்டுவிட்டு வருவது சுலபம். அப்பா நடந்து போய் அவர் முன்னால் நிற்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். அது சரியான முடிவு என்று அங்கே போன பிறகு புரிந்தது. பொங்கல் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. புளியமரத்தடியில் மூன்று சக்கர வண்டி, அதில் குலைகுலையாக இளநீர். அப்பா கைத்தடியோடு காரிலிருந்து இறங்கினார். அந்த மனிதர் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் காலைத்தான் பார்த்தார். இரண்டு அடி எடுத்து வைக்கச் சொல்லிப் பார்த்தார். அதன் பிறகு நெற்றியை உற்றுப் பார்த்து, "தழும்பு கூடத் தெரியலியே பெரியவரே" என்றார். அன்றைக்கு ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லையாம். கையெல்லாம் ரத்தமாக வீட்டுக்குப் போனதைப் பார்த்து அவர் மனைவி அலறியிருக்கிறார். அவர் நினைவில் அப்பா இத்தனை மாதமும் தார் ரோட்டில் விழுந்து கிடந்தபடியே இருந்திருக்கிறார். எந்தச் சால்வையும் அதை மாற்றியிருக்காது.

பணம் வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருந்தோம். கவரை நீட்டினால் அவர் வாங்க மாட்டார், வாங்கினாலும் சங்கடப்படுவார். அம்மா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி, துண்டு, அவர் மனைவிக்குச் சேலை என்று சீர் வைக்கிற மாதிரி வைத்துக் கொண்டுவந்திருந்தார். வேட்டிக்குச் சும்மாதான் தலையாட்டினார். துண்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். அப்பா தலையில் கட்டிய துண்டு காஷுவாலிட்டியிலேயே போய்விட்டதே, அதற்குப் பதில் என்று அம்மா சொன்னார். "துண்டு போனாப் போவுதும்மா" என்று சொல்லிக்கொண்டே அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். எங்கள் எல்லோருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். நன்றி சொல்லப் போன இடத்தில் இன்னும் கொஞ்சம் கடன்பட்டுத்தான் திரும்பினோம்.

ஆனால் ஒரு கணக்கு மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று அவர் வண்டியை அப்படியே போட்டுவிட்டு வந்தவர், அரை நாள் வியாபாரம் போயிருக்கிறது. தினக்கூலி மாதிரி ஓடுகிற குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. இந்த மாதிரி நேரத்தில் பணமாகக் கொடுப்பதைவிட வியாபாரமாகக் கொடுப்பது நல்லது என்பது அப்பாவின் கட்சி. சித்தப்பா பேத்திக்கு மஞ்சள் நீராட்டு விழா வந்தபோது வரவேற்புக்கு இளநீர் வைக்கலாம் என்று சொல்லி மொத்த ஆர்டரையும் அவரிடமே கொடுத்தோம். விலை அவர் சொன்னதுதான். அம்மா பழக்கதோஷத்தில் "கொஞ்சம் பார்த்துப் போட்டுக்குங்க தம்பி" என்று வாயெடுக்க, அப்பா முறைத்த முறையில் அப்படியே நிறுத்திக்கொண்டார். விசேஷ வீட்டில் அவர் இளநீர்க்காரராக வந்து, அப்பாவைக் காப்பாற்றியவராகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார். யாரிடம் உதவி வாங்கினோமோ அவர் என்ன தொழில் செய்கிறார் என்று பார்த்து, அதில் நமக்கு உண்மையாகவே தேவையான ஒன்றை, பேரம் பேசாமல் வாங்குவது. கொத்தனாராக இருந்தாலும் சரி, தையல்காரராக இருந்தாலும் சரி, இது செல்லும்.

விபத்தில் சிக்கியவர்களை முதல் மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்ப்பவர்களுக்கு ஒன்றிய அரசின் பரிசுத் திட்டம் ஒன்று உண்டு. 2021 அக்டோபரில் 5,000 ரூபாயாகத் தொடங்கி, 2025இல் 25,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அவருக்காக விசாரிக்கட்டுமா என்று கேட்டேன். "போலீஸு, கலெக்டர் ஆபீஸுன்னு அலையறதெல்லாம் வேணாம் சார்" என்று உடனே சொல்லிவிட்டார். அதோடு விட்டுவிட்டேன். அவர் படத்தைப் போட்டு நாலு வார்த்தை எழுதலாம் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. அதையும் கேட்டேன், வேண்டாம் என்றார். நன்றி என்ற பெயரில் ஒருவரை அவருக்குப் பிடிக்காத வெளிச்சத்தில் கொண்டுபோய் நிறுத்துவது நம் ஆசைக்காகத்தான், அவருக்காக இல்லை. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அடுத்து 108காரர்கள். 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிற சேவை. நம்மில் பெரும்பாலோருக்கு வண்டிதான் தெரியும், உள்ளே இருப்பவர்களைத் தெரியாது. ஒருவர் ஓட்டுநர், அவரைப் பைலட் என்பார்கள். இன்னொருவர் இ.எம்.டி., அவசர மருத்துவ உதவியாளர். அப்பாவின் கழுத்து அசையாமல் காலர் மாட்டி, உடைந்த காலுக்குக் கட்டை வைத்துக் கட்டி, தூங்கவிடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தவர் ஓர் இளம்பெண். பேரப்பிள்ளைகளின் பெயர்களை எல்லாம் வழியில் கேட்டுக்கொண்டே வந்தாராம். அப்பாவுக்கு அந்தப் பயணத்தில் ஞாபகம் இருப்பது அது மட்டும்தான்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நன்றி சொல்ல 108க்குப் போன் போடாதீர்கள். அந்த லைனில் வேறு யாரோ ஒருவர் உயிருக்குப் போராடிக்கொண்டு காத்திருக்கலாம். நாங்கள் அந்த வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தை விசாரித்துப் போனோம். இனிப்பு வாங்கிக்கொண்டார்கள், பணத்தைத் தொடவில்லை. பைலட் ஒன்று சொன்னார்: "லேட்டா வந்தீங்கன்னு புகார் போனா மறுநாளே விளக்கம் கேப்பாங்க சார். நல்லது சொல்லி எழுதி நான் பார்த்ததில்ல."

அன்றைக்கு ராத்திரியே கடிதம் எழுதினேன். முதலில் எழுதியது 'மிகச் சிறப்பாகவும் அர்ப்பணிப்புடனும் பணியாற்றினார்கள்' என்கிற ரகம். படித்துப் பார்த்த தங்கை, "இது யாருக்கு வேணும்னாலும் பொருந்துமே, அண்ணா" என்றாள். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, நாள், நேரம், இடம், வண்டி எண், இருவர் பெயர், கழுத்துக் காலர், காலுக்குக் கட்டை, பேரப்பிள்ளைகள் பெயர் கேட்டது, மருத்துவமனையில் ஒப்படைத்தபோது ரத்த அழுத்தம் முதற்கொண்டு சொல்லிவிட்டுப் போனது என்று நடந்ததை மட்டும் எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. மேலதிகாரிக்கு ஒன்று, அவர்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு நகல். அந்தப் பெண் நகலைப் படித்துவிட்டு மடித்து அடையாள அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டார். அரசு அலுவலகமோ, பேங்க் கவுன்ட்டரோ, பேருந்து நடத்துநரோ, இந்த முறை எல்லா இடத்துக்கும் ஒத்துவரும். சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு நாம் கொடுக்கக்கூடியதில் உருப்படியானது, அவர் செய்தது இன்னது என்று அவருடைய மேலதிகாரி படிக்கும்படி எழுதிக் கொடுப்பதுதான்.

என் அலுவலகத்தில் அந்த மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் வேலை முழுவதையும் ஒரு தோழி தன் தலையில் போட்டுக்கொண்டார். அவருக்கும் இதே வழிதான். மேனேஜரையும் சேர்த்து ஒரு மெயில், அவர் முடித்த வேலைகளைப் பெயர் சொல்லி.

வார்டு விஷயம் வேறு மாதிரி. டிஸ்சார்ஜ் அன்று ஒரு பெரிய ஸ்வீட் பாக்ஸ் வாங்கி நர்ஸ் டேபிளில் வைத்துவிட்டு வருவதுதான் ஊர் வழக்கம். டிஸ்சார்ஜ் சீட்டு பெரும்பாலும் மதியத்துக்கு முன்னால் கையில் வரும். அப்போது இருப்பது காலை டியூட்டி. பாக்ஸ் மூன்று மணிக்குள் காலி. அப்பா ராத்திரியெல்லாம் குழம்பிப் போய் டிரிப்ஸ் ஊசியைப் பிடுங்கியபோது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நைட் டியூட்டி சிஸ்டருக்கு அதில் ஒரு துண்டுகூடப் போய்ச் சேராது. இதை எங்களுக்குச் சொன்னது பக்கத்துப் பெட் பையனின் மாமா. அவர் மூன்றாவது முறையாக ஆஸ்பத்திரி வாசம் செய்பவர், அனுபவஸ்தர். அவர் சொன்னபடி நாங்கள் அந்த சிஸ்டருக்கு எந்த வாரம் நைட் என்று கேட்டுக்கொண்டு, டியூட்டி மாறுகிற நேரமாகப் பார்த்துப் போனோம்.

அம்மா கையில் அதிரசம் இருந்தது. சிஸ்டர், "இங்க பாதிப் பேருக்கு சுகரும்மா" என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் முகம் மலர்ந்தது வேறொரு விஷயத்துக்கு. படுத்தே கிடக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வந்துவிடும் என்று அவர்தான் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். எப்படிப் பிடித்துப் புரட்டுவது, முழங்காலுக்கு நடுவில் தலையணை எங்கே வைப்பது என்று செய்தும் காட்டினார். "நீங்க சொன்ன மாதிரியே அலாரம் வெச்சுப் புரட்டினோம் சிஸ்டர், ஒரு புண்ணு கூட வரலை" என்று அம்மா சொன்னபோது, அவர் இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டு "கேட்டியா?" என்றார். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருப்பார். செய்தார்களா, பலன் என்ன என்று திரும்பி வந்து யார் சொல்லப் போகிறார்கள்? எலும்பு முறிவுப் பிரிவில் இருந்த பயிற்சி மருத்துவர் அதற்குள் வேறு பிரிவுக்கு மாறிவிட்டிருந்தார். அவருக்கு அப்பா மாடிப்படி ஏறும் வீடியோ ஒன்றை அனுப்பினேன். 'சூப்பர் தாத்தா, ரிவ்யூவுக்கு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க' என்று பதில் வந்தது.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சிகிச்சைக்காக நாங்கள் போன ஓர் இடத்தில் ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு கேட்டார்கள், கொடுத்தால்தான் நகர்ந்தது. அது லஞ்சம், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. கேட்காமல், முகம் சுளிக்காமல் அப்பாவைச் சுத்தம் செய்துவிட்ட ஆயாம்மாவுக்குக் கடைசி நாளில் நாமாக ஒரு தொகை கொடுத்தால் அது என்ன? வீட்டில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. கொடுக்கலாம், பாவம், ஒப்பந்தக்காரரிடம் சொற்பச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் என்பது அம்மா. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாம் ஆசையாகக் கொடுக்கும் இருநூறு ரூபாய் அடுத்த படுக்கையில் இருப்பவருக்கு விலைப்பட்டியலாகிவிடுகிறது. அவர் கையில் இருநூறு இல்லாவிட்டால்? இன்றைக்கும் நான் அந்தக் கட்சிதான்.

ஆயாம்மா விஷயத்துக்கு வேறொரு வழி தானாக அமைந்தது. புரட்டாசியில் ரிவ்யூவுக்குப் போனபோது அவர் கவலையாக இருந்தார். செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை தொடங்கியிருந்தது, தெருவில் எல்லோருக்கும் ஆயிரம் ரூபாய் ஏறிவிட்டது, இவருக்கு மட்டும் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை என்று எஸ்எம்எஸ். அதைப் படித்துச் சொல்லக்கூட ஆள் இல்லை. இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய முப்பது நாள் அவகாசம் இருந்தது. தங்கை அவரைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்று பதிந்துவிட்டு வந்தாள். ஒரு மதியம் ஆனது, அவ்வளவுதான். படித்தவர்களிடம் நிறைய இருக்கிற, அவர்களிடம் இல்லாத ஒன்று இந்தப் படிவம் நிரப்புகிற திறமை. நன்றி சொல்ல அதைப் பயன்படுத்தலாம்.

வார்டுக்கே ஏதாவது செய்ய வேண்டுமென்றால் அங்கே இருக்கும் தலைமை நர்ஸிடம் என்ன தேவை என்று கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. நாங்கள் ஏதோ பெரிதாக யோசித்துக்கொண்டு போனோம். அவர் கேட்டது இரண்டு பெட்பேன், ஒரு சுவர்க் கடிகாரம். நேரம் பார்த்து மாத்திரை கொடுக்கிற இடத்தில் கடிகாரம் ஓடாமல் நின்று போயிருந்தது. அப்பாவின் வாக்கரையும், வேலை முடிந்த பிறகு, துடைத்து அங்கேயே கொடுத்துவிட்டோம். எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வைத்துக் கொடுத்தோம்.

ரத்தம் கொடுத்தவர்கள் மூன்று கல்லூரிப் பையன்கள். அப்பாவுக்கு ஓ நெகட்டிவ், சுலபத்தில் கிடைக்காது. வாட்ஸப்பில் செய்தி போய், முன்பின் தெரியாத பிள்ளைகள் பைக்கில் வந்து இறங்கினார்கள். பணம் கொடுத்து ரத்தம் வாங்குவது 1998 முதல் நம் நாட்டில் தடை, ஆகவே 'பெட்ரோலுக்காவது' என்று பர்ஸைத் திறக்க வேண்டாம். சாப்பாடு வாங்கிக் கொடுத்தோம், பழச்சாறு வாங்கிக் கொடுத்தோம், அன்றைக்கு அவ்வளவுதான். அவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இரண்டு விஷயம். ஒன்று, ரத்தம் கிடைத்ததும் அந்த வாட்ஸப் செய்தியை நிறுத்துவது. 'தேவை பூர்த்தியாகிவிட்டது, இனி பகிர வேண்டாம்' என்று போன இடத்துக்கெல்லாம் திரும்ப அனுப்ப வேண்டும். செய்தியிலேயே தேதியும் நேரமும் போட்டிருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் ஐப்பசியிலும் யாராவது அழைத்து "இன்னும் வேணுமா?" என்று கேட்பார்கள், நிஜமாகத் தேவைப்படுகிற இன்னொருவருக்குப் போக வேண்டிய ஆள் நம் பின்னால் அலைவார். இரண்டாவது, நோயாளி என்ன ஆனார் என்று சொல்வது. அறுவை சிகிச்சை முடிந்த நாலாம் நாள் மூவருக்கும் அப்பா இட்லி சாப்பிடும் படத்தை அனுப்பினேன். அதில் ஒரு பையன் குரல் பதிவு அனுப்பியிருந்தான்: "அண்ணா, நான் நிறைய வாட்டி குடுத்திருக்கேன். அப்புறம் என்ன ஆச்சுன்னு சொன்ன மொத ஆள் நீங்கதான்."

ரத்த வங்கி நடைமுறையில் அவர்கள் கொடுத்த அதே ரத்தம் அப்பா உடம்பில் ஏறியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இருப்பில் பொருந்துவதை எடுத்துக் கொடுப்பார்கள், இவர்களுடையது பரிசோதனை முடிந்து இருப்புக்குப் போகும். அப்பாவுக்கு ஏறியது எந்தப் புண்ணியவானுடையதோ! ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். நான் இப்போது கொடுக்கிறேன், ஊசி என்றால் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான்.

சொந்தபந்தத்துக்குள் வந்தால் இந்த முறைகள் எதுவும் செல்லாது. பெரியப்பாவிடம் போய் நன்றி என்று ஆரம்பித்தால், "என்னடா, மேடையில பேசற மாதிரி பேசற" என்பார். அங்கே செயல்தான். அவரிடம் கைமாற்றாக வாங்கிய பணத்தைச் சொன்ன தேதிக்கு முன்பே, ஜிபே இல்லாமல், நேரில் போய் பெரியம்மா கையில் கொடுத்து, சாப்பிட்டுவிட்டு வந்தோம். சாப்பிடாமல் வந்திருந்தால் அதுவே ஒரு பேச்சாகியிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா தினமும் தூக்குச்சட்டியில் ரசம் சாதம் கொடுத்தனுப்பினார். அம்மா எந்தப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பித் தரவில்லை. கையில் எதுவும் இல்லாத நாளில் நாலு பச்சை மிளகாயாவது, ஒரு முருங்கைக்காயாவது உள்ளே இருக்கும். மாட்டைப் பார்த்துக்கொண்ட தாத்தாவுக்கு அந்த ஈற்றில் பிறந்த கிடேரிக் கன்றைக் கொடுத்துவிடுவது என்று அப்பா படுக்கையிலிருந்தே தீர்மானம் போட்டார், யாரையும் கேட்கவில்லை. அம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அம்மாவுக்கு அப்பா நன்றி சொன்னாரா? நேராகச் சொல்லிக் கேட்டதில்லை. பார்க்க வருகிறவர்களிடம், அம்மா அடுப்பங்கரையில் இருக்கும்போது, அவருக்குக் கேட்கிற சத்தத்தில், "இவ மட்டும் இல்லேன்னா நான் என்னிக்கோ போட்டோவாத் தொங்கியிருப்பேன்" என்பார். உள்ளேயிருந்து, "ஆமா, பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சலில்லை" என்று பதில் வரும். அன்று காபி கொஞ்சம் திக்காக இருக்கும். எங்கள் ஊர் ஆண்கள் பலரும் இப்படித்தான், மூன்றாவது ஆள் வழியாக. குறை சொல்ல மாட்டேன், அது போய்ச் சேருகிறது. ஆனால் பிள்ளைகள் நாங்கள் நேராகவே சொல்லப் பழகிக்கொண்டோம், அம்மா கூச்சத்தில் பேச்சை மாற்றினாலும் பரவாயில்லை என்று.

காலதாமதம் ஆகிவிட்டதே, இனிப் போய்ச் சொன்னால் என்ன நினைப்பார்கள் என்று பலர் தயங்குவதைப் பார்க்கிறேன். ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போன தம்பியை நாங்கள் ஒரு வருடம் கழித்துத்தான் பார்த்தோம், வேறு யாரையோ பார்க்கப் போன இடத்தில். அவருக்கு அப்பாவை ஞாபகமே இல்லை. 'நீங்க லிப்ட் ரிப்பேர்னு சரிவுப் பாதையில தள்ளிக்கிட்டுப் போனீங்களே, ஒரு குலுங்கல் கூட இல்லாம' என்று அப்பா நினைவுபடுத்தினார். "அப்படியா தாத்தா? இருக்கும், இருக்கும்" என்று சிரித்தார். ஞாபகம் வராவிட்டாலும் சந்தோஷப்பட்டார்.

மொய் நோட்டுப் பட்டியலில் ஒரு வரி மட்டும் இன்னும் டிக் அடிக்கப்படாமல் இருக்கிறது. அப்பா விழுந்ததும், பின்னால் வந்த லாரி டிரைவர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தத் தடத்தில் வேறு வண்டி ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டாராம். இளநீர்க்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நாமக்கல் பதிவு, டிஎன் 28 என்பதற்கு மேல் அவருக்கும் ஞாபகமில்லை. தேட வழியும் இல்லை. கல்யாண மண்டபமே கேட்கிற அளவுக்கு ஹார்ன் அடித்துக்கொண்டு எந்த லாரி முந்தினாலும் திட்டித் தீர்க்கிற அப்பா, இப்போது முதலில் நம்பர் பிளேட்டைப் பார்க்கிறார். நாமக்கல் என்றால் ஒன்றும் சொல்வதில்லை. சேலம், ஈரோடு வண்டிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.